'இருக்கிறது' என்பதும் 'இருக்கக்கடவது' என்பதும்

(அனுமந்தையில் நடைபெற்ற வெள்ளி விழாக் கல்விக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)

 

இருபத்தைந்து ஆண்டுகள் ஒரு கல்விக் கழகத்தைக் கட்டிக் காப்பது எளிய செயலன்று. உப்பளத்தில் வெயில் தாழும் வரை உழைத்துவிட்டு, கூலியில் ஒரு பகுதியைச் சந்தாவாகத் தந்த கைகளே இக்கழகத்தை வளர்த்தன. அக்கைகளுக்கு முதற்கண் என் நன்றியைத் தெரிவித்துக்கொள்கிறேன்.

ஆங்கில இலக்கணத்தில் மாணவர்கள் பெரிதும் இடர்ப்படும் ஒரு பகுதியை விளக்குமாறு விழாக் குழுவினர் என்னைப் பணித்தனர். விழா மேடையில் இலக்கணப் பாடமா என்று சிலர் வியக்கலாம். நான் எடுத்துக்கொண்ட பகுதி 'சப்ஜங்க்டிவ் மூட்' என்பது. இது தேர்வில் ஒரு மதிப்பெண், இரண்டு மதிப்பெண்ணுக்கு வரும் சிறு கேள்வியாகத் தோன்றும். ஆயினும் நம் மனுக்களிலும், நம்மைப் பற்றிய தீர்மானங்களிலும், நம் உரிமைக்கான சட்டங்களிலும் இவ்விலக்கணம் புகுந்து நிற்கிறது. ஆதலின் இதனை நம் சமுதாயத்தின் பொருளாகவே கருதிப் பேசத் துணிந்தேன்.

மூன்று பாங்குகள்

வினைச்சொல் ஒரு செயலைக் கூறுகிறது. அச்செயலை எந்த நோக்கில் கூறுகிறது என்பதையே ஆங்கில இலக்கணிகள் 'மூட்' என்பர். இவ்வுரையில் அதனைப் 'பாங்கு' என்று குறிப்பேன். ரென், மார்ட்டின் ஆகிய இருவர் எழுதிய இலக்கண நூலைப் பயின்றவர்கள் மூன்று பாங்குகளை அறிந்திருப்பீர்கள்.

முதலாவது 'இண்டிகேடிவ்'. உள்ளதை உள்ளதாகக் கூறுவதும், உள்ளதா என்று வினவுவதும் இதன் வேலை. இதனைச் செய்திப் பாங்கு எனலாம். 'ஹீ கம்ஸ்' என்றால் 'அவன் வருகிறான்' என்பது செய்தி.

இரண்டாவது 'இம்பெரேடிவ்'. முன்னிற்பவரை ஏவுவது. இது ஏவற் பாங்கு. 'கம்' என்றால் 'வா' என்று பொருள்.

மூன்றாவதே நாம் எடுத்துக்கொண்ட 'சப்ஜங்க்டிவ்'. இன்னும் நடவாததை, நடக்கவேண்டும் என்று விரும்புவதை, அல்லது நடப்பதாக வெறுமனே எண்ணிப் பார்ப்பதைக் கூறுவது. இதனை எண்ணப் பாங்கு என்று அழைப்போம். 'ஐ சஜஸ்ட் தட் ஹீ கம்' என்றால் 'அவன் வரவேண்டும் என்பது என் யோசனை' என்று பொருள். அவன் வருகிறான் என்ற செய்தி இதில் இல்லை. ஆதலால்தான் 'கம்ஸ்' என்பதன் இறுதியில் நிற்கும் 'ஸ்' ஒலி இங்கே நீங்கிவிட்டது. கண்ணுக்குத் தெரியாத அளவு சிறிய வேறுபாடு. பொருளிலோ பெரிய வேறுபாடு.

பழைய ஆங்கிலத்தில் இப்பாங்கிற்குத் தனி விகுதிகள் பல இருந்தன. காலப்போக்கில் அவை தேய்ந்து மறைந்தன. எஞ்சியவை சிலவே. 1926-ஆம் ஆண்டு ஆங்கில வழக்குப் பற்றிப் புகழ்பெற்ற நூலொன்றை வெளியிட்ட ஃபௌலர் என்பார், இப்பாங்கு இறக்கும் நிலையில் இருப்பதாகவே கருதினார். ஆனால் கோரிக்கைகளிலும் தீர்மானங்களிலும் வரும் வகை அமெரிக்காவில் செழித்து, இருபதாம் நூற்றாண்டிலேயே மீண்டும் பரவியது.

நம் இலக்கணத்தில் இதன் உறவு

தமிழ் மாணவர் இதனைக் கண்டு அஞ்சவேண்டியதில்லை. நம் இலக்கணத்தில் வியங்கோள் வினைமுற்று என ஒன்று உண்டு. 'வாழ்க', 'வருக', 'ஒழிக' என்பன வியங்கோள்கள். வாழ்த்தல், வைதல், வேண்டல், விதித்தல் என்னும் நான்கு பொருளில் வியங்கோள் வரும் என்று பள்ளியிலேயே கற்றோம்.

இந்நான்கையும் ஆங்கிலத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். வாழ்த்தலுக்கு 'லாங் லிவ்' என்பர். 'நீடு வாழ்க' என்று பொருள். இங்கிலாந்து நாட்டு வாழ்த்தில் வரும் 'காட் சேவ் த கிங்' என்பதும் அத்தகையதே. 'சேவ்ஸ்' என்று சொல்லியிருந்தால் கடவுள் மன்னரைக் காத்துக்கொண்டிருக்கிறார் என்ற செய்தியாகும். 'சேவ்' என்றதனால் 'காப்பாராக' என்ற வேண்டுதலாயிற்று. வைதலுக்கும் இப்பாங்கே வரும். 'பி ஹேங்டு' என்று ஆங்கிலேயர் திட்டுவர். 'தூக்கிலே தொங்குக' என்பது அதன் பொருள். வேண்டலுக்கு 'வீ ரெக்வெஸ்ட் தட் ஹீ பி ஹெர்ட்' என்பர். 'அவர் கூற்றுச் செவிமடுக்கப்பட வேண்டுகிறோம்' என்பது பொருள். விதித்தலுக்கு நம் நாடாளுமன்றச் சட்டங்களின் முகப்பையே காட்டலாம். அதனைப் பின்னர்க் கூறுவேன்.

மற்றொரு நயமும் உண்டு. வியங்கோள் தன்மையிலும் முன்னிலையிலும் நிலைபெறாது என்றார் தொல்காப்பியர். பிற்காலத்து நன்னூலார் அது மூவிடத்திற்கும் ஐம்பாலுக்கும் பொதுவாக வரும் என்றார். ஆங்கிலத்திலும் பெரும்பாலான வினைகளில் இப்பாங்கின் உருவம் படர்க்கை ஒருமையில்தான் கண்ணுக்குப் புலப்படும். 'பி' என்னும் வினையில் மட்டும் எல்லா இடத்தும் புலப்படும்.

வைதற் பொருளில் வந்த வியங்கோளுக்குத் திருக்குறள் இரவச்ச அதிகாரத்தைச் சான்றாகக் காட்டுவது வழக்கம். இரந்துதான் மனிதன் உயிர்வாழ வேண்டுமென்றால், உலகைப் படைத்தவன் அலைந்து கெடட்டும் என்கிறார் வள்ளுவர். 'கெடுக' என்ற ஒரு சொல்லில் அவர் சினம் முழுவதும் அடங்கியிருக்கிறது. உள்ள நிலையை ஏற்காத நெஞ்சுக்கு ஒரு வினை வடிவம் வேண்டும். அதனைத் தமிழ் வியங்கோள் என்று தந்தது. ஆங்கிலம் 'சப்ஜங்க்டிவ்' என்று தந்தது.

முதல் இடர்: 'இஸ்' என்பதும் 'வெர்' என்பதும்

இனி நம் மாணவர்கள் தடுமாறும் இடங்களுக்கு வருவோம். அவை இரண்டு.

முதலாவது, நிபந்தனை வாக்கியம். நாம் 'மழை பெய்தால் உப்புக் கரையும்' என்கிறோம். இது நடக்கக்கூடிய நிபந்தனை. ஆங்கிலத்தில் 'இஃப் இட் ரெய்ன்ஸ், த சால்ட் வில் டிசால்வ்' என்று செய்திப் பாங்கிலேயே வரும். 2024 நவம்பர் 30 அன்று ஃபெங்கல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்ததை எண்ணி, 'அப்புயல் வராதிருந்தால் பாத்தியில் வெள்ளம் நின்றிருக்காது' என்கிறோம். இது நடந்து முடிந்ததற்கு மாறான எண்ணம். ஆங்கிலத்தில் 'இஃப் த சைக்ளோன் ஹேட் நாட் கம்' என்று தொடங்கும். இவ்விரண்டிலும் பெரிய குழப்பமில்லை. தமிழிலும் வேறுபாடு தெரிகிறது.

குழப்பம் நடுவில் இருக்கிறது. 'இந்நிலம் நம்முடையதாக இருந்தால்' என்று தமிழில் சொல்கிறோம். இதற்கு இரு பொருள் உண்டு. நிலம் நம்முடையதே, அல்லது நம்முடையதாக இருக்கக்கூடும் என்று கருதிச் சொல்வது ஒன்று. நிலம் நம்முடையதன்று என்று தெரிந்தே, வெறும் கற்பனையாகச் சொல்வது மற்றொன்று. தமிழில் இரண்டுக்கும் 'இருந்தால்' என்ற ஒரே வடிவம். சொல்லும் குரலும் சூழ்நிலையும் பொருளைப் பிரித்துக் காட்டும். ஆங்கிலம் வடிவத்திலேயே பிரித்துவிடுகிறது. 'இஃப் த லேண்ட் இஸ் அவர்ஸ்' என்றால் வழி திறந்திருக்கிறது. 'இஃப் த லேண்ட் வெர் அவர்ஸ்' என்றால் நம்முடையதன்று என்று எழுதுபவரே ஒப்புக்கொண்டது போல் ஆகும்.

இதன் விளைவை எண்ணிப் பாருங்கள். செங்கற்பட்டு மாவட்ட ஆட்சியராயிருந்த டிரெமென்ஹீர், பறையர் மக்களின் நிலைமையைப் பற்றி 1891-இல் ஓர் அறிக்கை எழுதினார். அதன் பயனாக 1892-இல் சென்னை அரசு ஒடுக்கப்பட்ட வகுப்பினருக்கு நிலம் ஒப்படைக்க ஆணையிட்டது. பஞ்சமி நிலம் என்று நாம் வழங்குவது அவ்வழியில் வந்ததே. பிற சாதியாருக்குக் கைமாற்றக்கூடாது என்ற நிபந்தனையோடு தரப்பட்ட அந்நிலங்களுள் பல, பிறர் கைக்குப் போய்விட்டன. மீட்பதற்காக இன்றும் மனு எழுதுகிறோம். அம்மனு ஆங்கிலத்தில் எழுதப்படும்போது, 'ஆவணத்தின்படி நிலம் எங்களுடையதாயிருப்பின்' என்று எழுதவேண்டிய இடத்தில், அழகாக இருக்கிறதென்று கருதி 'வெர்' என்று எழுதினால், கேட்கும் உரிமையை நாமே ஐயத்திற்கு இடமாக்கிவிடுகிறோம். அங்கே 'இஸ்' என்பதே தகும்.

'இஃப்' வந்தால் 'வெர்' வரவேண்டும் என்று மனப்பாடம் செய்வது தவறான வழி. உண்மையாக இருக்கக்கூடியதா, உண்மைக்கு மாறானதா என்று முதலில் பொருளைத் தெளியவேண்டும். 'இஃப் ஐ வெர் த கலெக்டர்' என்பது சரி. ஏனெனில் நான் ஆட்சியர் அல்லேன். 'நேற்று அவர் கூட்டத்தில் இருந்தால் அறிவிப்பைக் கேட்டிருப்பார்' என்பதில், அவர் இருந்தாரா இல்லையா என்று நமக்குத் தெரியாது. அங்கே 'இஃப் ஹீ வாஸ்' என்பதே சரி. 'ஐ விஷ்' என்று தொடங்கும் விருப்பங்களிலும் 'வெர்' வரும்; பேச்சில் 'வாஸ்' என்றும் வழங்குவர். 'வெர்' என்னும் இவ்வடிவத்தை இக்கால இலக்கணிகள் சிலர் தனிப் பெயரிட்டு வேறு வகையாகக் கொள்வர். பெயர் எதுவாயினும் பயன் ஒன்றே.

இரண்டாம் இடர்: 'வாஸ்' என்பதும் 'பி' என்பதும்

இரண்டாவது இடம் இதனினும் முக்கியமானது. 'இன்சிஸ்ட்' என்று ஓர் ஆங்கில வினை உண்டு. வலியுறுத்துதல் என்பது பொருள். அதற்குப் பின் செய்திப் பாங்கு வந்தால், உள்ளது என்று சாதித்தல் ஆகும். எண்ணப் பாங்கு வந்தால், ஆகவேண்டும் என்று கோருதல் ஆகும்.

ஓர் ஊரை எண்ணிக்கொள்ளுங்கள். எந்த ஊரையும் நான் குறிப்பிடவில்லை. சுடுகாட்டுப் பாதை அடைக்கப்பட்டிருக்கிறது. சேரி மக்கள் அதிகாரியிடம் சென்று, பாதை திறக்கப்படவேண்டும் என்று வலியுறுத்துகிறார்கள். கூட்டக் குறிப்பை ஆங்கிலத்தில் எழுதுபவர் 'த வில்லேஜர்ஸ் இன்சிஸ்டட் தட் த பாத் பி ஓப்பன்' என்று எழுதினால், மக்கள் பாதையைத் திறக்கக் கோரினர் என்று பொருள்படும். 'பி' என்ற இடத்தில் 'வாஸ்' என்று எழுதினால், பாதை திறந்தே இருந்தது என்று மக்கள் சாதித்தனர் என்று பொருள்படும். இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு வேறோர் அதிகாரி அக்கோப்பைப் புரட்டுகிறார். பாதை திறந்திருந்ததாக மக்களே சொல்லியிருக்கிறார்களே, பின் குறை என்ன என்று கேட்பார். பாதை அடைபட்டபடியே கிடக்கும். ஒரு சொல் மாறியதால் கோரிக்கை செய்தியாகி, குறையே காணாமற் போகும்.

ஆகவே, கோருதல், பரிந்துரைத்தல், முன்மொழிதல், கேட்டுக்கொள்ளுதல், ஆணையிடுதல், தீர்மானித்தல் ஆகிய பொருளுடைய வினைகளுக்குப் பின் எண்ணப் பாங்கைக் கையாளுங்கள். 'டிமாண்ட்', 'ரெக்கமெண்ட்', 'ப்ரொபோஸ்', 'மூவ்', 'ரெக்வெஸ்ட்', 'ஆர்டர்', 'ரிசால்வ்' என்பன அவ்வினைகள். 'இட் இஸ் நெசஸரி', 'இட் இஸ் எசென்ஷியல்' என்று தொடங்கும் தொடர்களுக்கும் அதுவே விதி.

இவ்விதியை நான்கு கூறாக நினைவிற் கொள்ளலாம். ஒன்று, வினையின் அடிவடிவமே வரும். படர்க்கை ஒருமைக்கும் இறுதி 'ஸ்' சேராது. இரண்டு, 'இஸ்', 'ஆர்', 'வாஸ்' என்பவற்றுக்கு மாறாகப் 'பி' வரும். மூன்று, முன்னுள்ள வினை இறந்தகாலமாயினும் பின்னுள்ள வடிவம் மாறாது. 'ரெக்வெஸ்டட்' என்றாலும் 'பி' என்பதே நிற்கும். நான்கு, எதிர்மறைக்கு 'டூ' என்னும் துணைவினை வேண்டா. 'நாட்' என்பதை மட்டும் முன்னே சேர்த்து 'தட் த வெல் நாட் பி க்ளோஸ்ட்' என்று எழுதினால் 'கிணறு மூடப்படாதிருக்க' என்று பொருள் தரும். இவ்விடங்களில் 'ஷுட்' சேர்த்து 'ஷுட் பி' என்று எழுதுவது பிரித்தானிய வழக்கு. அதுவும் பிழையன்று. 'வாஸ்' என்று எழுதிக் கோரிக்கையை இழப்பதைவிட 'ஷுட் பி' என்று எழுதிக் காப்பது எவ்வளவோ மேல்.

நம் முன்னோர் கையாண்ட கருவி

இவ்விலக்கணம் நம் சமுதாய வரலாற்றில் வேலை செய்திருக்கிறது. மதுராந்தகம் பகுதியிலுள்ள கோழியாளத்தில் 1859-இல் பிறந்த இரட்டைமலை சீனிவாசன், 1893-இல் 'பறையன்' என்ற இதழைத் தொடங்கினார். அதே ஆண்டில், ஐ.சி.எஸ். தேர்வை இந்தியாவிலும் நடத்தினால் உயர்சாதியார் ஆதிக்கமே பெருகும் என்று எதிர்த்து, இங்கிலாந்துப் பாராளுமன்றத்திற்கு ஒரு விண்ணப்பம் அனுப்பச் செய்தார். அது 112 அடி நீளமும் 3,412 கையொப்பங்களும் கொண்டிருந்தது என்று தம் ஜீவிய சரித்திரத்தில் அவர் குறித்திருக்கிறார். அக்காலத்தில் அத்தனை பேரைத் திரட்டியது ஒரு சாதனை. ஆட்சியாளர் மொழியில் அவர்கள் முறைப்படி வேண்டுகோள் விடுத்தது மற்றொரு சாதனை.

பள்ளி ஆசிரியராயிருந்து பாடநூல்களும் எழுதியவர் எம்.சி. ராஜா. 1922 சனவரியில் அவர் சென்னைச் சட்டமன்றத்தில் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். அரசு ஆவணங்களில் 'பஞ்சமர்', 'பறையர்' என்ற சொற்களை நீக்கி, தமிழ் மாவட்டங்களில் 'ஆதி திராவிடர்' என்றும் தெலுங்கு மாவட்டங்களில் 'ஆதி ஆந்திரர்' என்றும் வழங்குமாறு அரசுக்குப் பரிந்துரைப்பது அத்தீர்மானம். புதிய பெயர் 'பி சப்ஸ்டிட்யூட்டட்' என்று அதில் வரும் தொடரைக் கவனியுங்கள். 'பதிலாக இடப்படுக' என்பது பொருள். அவர் பேசிய அந்நாளில் ஆவணத்தில் இருந்தது பழைய பெயர். உள்ளதைக் கூறினால் பழைய பெயரையே கூறவேண்டும். உள்ளதை மாற்றுமாறு கூறுவதற்கு அவருக்குப் 'பி' என்ற சொல் வேண்டியிருந்தது. 1922 மார்ச்சு 25 அன்று அரசாணை எண் 817 வெளிவந்தது. அதன்பின் 'ஆதி திராவிடர்' என்பது செய்தியாயிற்று.

அரசியல் சட்டத்தின் பாங்கு

இனி நம் அரசியல் சட்டத்தைப் பாருங்கள். தீண்டாமையைப் பற்றிய விதியை அரசியல் நிர்ணய சபை 1948 நவம்பர் 29 அன்று ஏற்றது. அதுவே 17-ஆம் உறுப்பாக 1950 சனவரி 26 முதல் நடைமுறைக்கு வந்தது. அது எந்தப் பாங்கில் அமைந்திருக்கிறது? 'ஒழிக' என்று வியங்கோளாகத் தொடங்கவில்லை. 'ஒழிக்கப்படவேண்டும்' என்று கோரவுமில்லை. 'இஸ் அபாலிஷ்ட்' என்று செய்திப் பாங்கில் நிற்கிறது. 'ஒழிக்கப்பட்டுவிட்டது' என்பது பொருள். அதனை எந்த வடிவில் கையாள்வதும் தடை செய்யப்பட்டுள்ளது என்று அடுத்துக் கூறுவதும் செய்திப் பாங்கே. மன்றாடும் நிலையில் உள்ளவர் எண்ணப் பாங்கிற் பேசுவார். ஆணை செலுத்தும் நிலையில் உள்ளவர் சொல்லியவுடனே அது சட்டமாகிவிடுவதால், அவர் செய்தியாகவே பேசலாம். அண்ணல் அம்பேத்கர் தலைமையேற்ற வரைவுக் குழுவின் அரசியல் சட்டம் இவ்விதியில் மன்றாடவில்லை.

ஆயினும் விதியை மீறுவோர்க்குத் தண்டனை வேண்டுமல்லவா? அதற்கு நாடாளுமன்றம் தனிச் சட்டம் இயற்றியது. 1955-ஆம் ஆண்டின் தீண்டாமைக் குற்றங்கள் சட்டம், 'பி இட் எனாக்டட்' என்று தொடங்குகிறது. 'குடியரசின் ஆறாம் ஆண்டில் நாடாளுமன்றத்தால் இவ்வாறு இயற்றப்படுக' என்பது அதன் கருத்து. இதுவே நான் முன்னர்ச் சொன்ன விதித்தற் பொருள். 1976-இல் அச்சட்டம் திருத்தப்பெற்றுக் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம் என்று பெயர் மாறியது. 1989-ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும், குடியரசின் நாற்பதாம் ஆண்டைக் குறித்து, அவ்வாறே தொடங்குகிறது. நம் பழைய ஆவணங்களில் 'ஆகக்கடவது', 'இருக்கக்கடவது' என்று எழுதிய நடை இதற்கு மிக நெருங்கியது.

நீதிமன்றங்களுக்குச் சென்றாலும் இதே பாங்கு நம்மை எதிர்கொள்கிறது. ஆட்கொணர்வு மனுவை 'ஹேபியஸ் கார்ப்பஸ்' என்கிறோம். அஃது இலத்தீன் தொடர். 'ஹேபியஸ்' என்பது இலத்தீனில் முன்னிலை ஒருமையில் வந்த எண்ணப் பாங்கு. 'நீ அவ்வுடலைக் கொண்டிருப்பாயாக', அதாவது அடைத்து வைத்த ஆளை மன்றத்தின் முன் நிறுத்துவாயாக என்பது பொருள். நம்மைக் கேளாமல் உத்தரவு தரவேண்டா என்று முன்னெச்சரிக்கையாகத் தாக்கல் செய்யும் 'கேவியட்' மனுவின் பெயரும் அப்பாங்கே. 'அவன் விழிப்பாயிருப்பானாக' என்று பொருள். ஆனால் 'மேண்டமஸ்' என்பது 'ஆணையிடுகிறோம்' என்னும் செய்திப் பாங்கு. காவலில் வைக்கப்பட்ட ஏழை ஒருவனுக்காக அவன் தாய் உயர்நீதிமன்றத்தை நாடும்போது, அவளை அறியாமலே அவள் ஒரு வியங்கோளைக் கையிலேந்திச் செல்கிறாள்.

நாம் கற்கவேண்டிய காரணம்

தமிழ்நாட்டில் தமிழே ஆட்சிமொழி. 1956-ஆம் ஆண்டிலேயே அதற்குச் சட்டம் வந்துவிட்டது. வட்டாட்சியரிடமும் ஆட்சியரிடமும் தமிழில் மனுக் கொடுப்பதே முறை. அதுவே நமக்கு வலிமையும் ஆகும். அப்படியிருக்க ஆங்கில இலக்கணம் எதற்கு என்று ஒரு தங்கை கேட்கலாம். நியாயமான கேள்வி. அரசியல் சட்டத்தின் 348-ஆம் உறுப்பின்படி, நாடாளுமன்றம் வேறுவகை செய்யும் வரை உச்சநீதிமன்றத்தின் நடவடிக்கைகள் ஆங்கிலத்தில் நடைபெறும். சென்னை உயர்நீதிமன்றத்திலும் ஆங்கிலமே வழங்குகிறது. நம் தமிழ் மனு மேலே செல்லச் செல்ல ஆங்கிலமாக மாறுகிறது. மாற்றுபவர் யார்? அவர் நம் துயரை அறிந்தவரா? மாறிய பின் அதைப் படித்து, 'நாங்கள் கோரியது இது, நீங்கள் எழுதியிருப்பது வேறு' என்று சொல்ல நம்மிடையே ஒருவராவது இருக்கவேண்டாமா? இந்த மாலை வகுப்பில் அமர்ந்திருக்கும் நீங்கள் அந்த ஒருவராக ஆகவேண்டும் என்பதே என் வேண்டுகோள்.

2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் நமக்கு மற்றொரு வாயிலைத் திறந்திருக்கிறது. அச்சட்டத்தின் கீழ் ஆங்கிலத்திலோ, இந்தியிலோ, அப்பகுதியின் ஆட்சிமொழியிலோ விண்ணப்பிக்கலாம். ஆங்கிலத்தில் எழுத நேர்ந்தால், 'ஐ ரெக்வெஸ்ட் தட் அ காப்பி பி ஃபர்னிஷ்ட் டு மீ' என்ற ஒரு வரி போதும். 'ஒரு படி எனக்கு வழங்கப்பட வேண்டுகிறேன்' என்பது பொருள். பணிவும் இதில் உண்டு, உறுதியும் உண்டு. கெஞ்சலும் இல்லை, வசையும் இல்லை. 'மதிப்புமிகு சமூகத்தின் திருவடிகளில்' என்று நான்கு வரி எழுதிய பழைய நடையைவிட இந்த ஒரு வரி நம் நிமிர்ந்த நிலைக்கு ஏற்றது.

இளைஞர்களுக்கு மற்றொன்றும் சொல்லவேண்டும். நம் வீடுகளில் ஒருவகைப் பேச்சு உண்டு. 'நாம் வேறு குலத்தில் பிறந்திருந்தால்', 'தந்தையாருக்கு நிலம் இருந்திருந்தால்', 'அந்த ஆண்டு மழை பொய்க்காதிருந்தால்' என்று ஏங்குகிறோம். இது இறந்தகாலத்திற்கு மாறான எண்ணம். இலக்கணப்படி பிழையில்லாத வாக்கியம். துயரும் உண்மையான துயரே. ஆனால் நடந்து முடிந்ததை எந்த அதிகாரியிடமும் கோரிப் பெற முடியாது. நம் முன்னோர்கள் பட்ட இழிவு நம்மினும் பெரிது. அவர்கள் அந்த ஏக்கத்திலேயே நின்றுவிடாமல், 'இடப்படுக', 'திறக்கப்படுக', 'வழங்கப்படுக' என்று எழுதிக் கொடுத்தார்கள். ஏக்கம் உள்ளத்தில் எழுவதைத் தடுக்க இயலாது. அது எழுந்தபின், கோரிக்கையாக மாற்றி ஒரு தாளில் எழுதுங்கள். ஒருவர் எழுதினால் மனு. ஊர் கூடி எழுதினால் தீர்மானம்.

சட்டத்தில் 'ஒழிக்கப்பட்டுவிட்டது' என்ற செய்தி இருக்கிறது. ஊரில் தேநீர்க் கடையிலும், கோயில் வாசலிலும், சுடுகாட்டுப் பாதையிலும் அச்செய்தி எவ்வளவு உண்மையாயிற்று என்பதை நீங்கள் அறிவீர்கள். சட்டத்தின் 'இஸ்' என்பதற்கும் தெருவில் காண்பதற்கும் இடையே உள்ள தொலைவு இருக்கும் வரை, 'பி' என்ற சொல்லுக்கு நம்மிடம் வேலை இருக்கிறது. கிடைக்காததைக் கிடைத்ததாக எழுதாதீர்கள். நம்முடையதை நம்முடையதன்று என்பது போலவும் எழுதாதீர்கள். இவ்விரண்டு காவலும் செய்வதற்கு இவ்விலக்கணம் துணை நிற்கும்.

மாலை வகுப்பு ஆசிரியர்களுக்கு ஒரு யோசனை. மாதம் ஒருமுறை மாணவர்கள் தங்கள் தெருவின் குறை ஒன்றைத் தேர்ந்தெடுக்கட்டும். தெருவிளக்கு, குடிநீர்க் குழாய், உப்பளத்தில் பெண்களுக்கு நிழலிடம், கழிப்பிடம், மழைக்காலத்தில் வேலையின்றி இருக்கும் குடும்பங்களுக்கு உதவி என எதுவாயினும் ஆகுக. அதனை முதலில் தமிழில் ஒரு மனுவாகவும், பின்னர் ஆங்கிலத்தில் ஒரு தீர்மானமாகவும் எழுதட்டும். உள்ளதைக் கூறும் வாக்கியங்கள் செய்திப் பாங்கில் இருக்கின்றனவா, கோரும் வாக்கியங்கள் எண்ணப் பாங்கில் இருக்கின்றனவா என்று ஒருவர் எழுதியதை மற்றவர் திருத்தட்டும். நன்றாக அமைந்த தமிழ் மனுவை ஊரார் கையொப்பத்தோடு உரியவரிடம் கொடுத்தும் விடுங்கள். இலக்கணப் பயிற்சியும் ஆகும், ஊர்ப்பணியும் ஆகும்.

 நம் பிள்ளைகள் கற்க! நம் கோரிக்கைகள் நிறைவேறுக! நம் கல்விக் கழகம் பொன்விழாக் கண்டு வாழ்க!

வணக்கம். ஜெய் பீம்!